பன்னிரண்டு பாயில் தொடங்கிய பயிற்றகம்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொருளில்லை, இடமில்லை, ஆளில்லை. ஆதலால் கலை வளர்க்க இயலவில்லை என்பார் பலர். அவர்கட்கு விடையாக ஒரு பயிற்றகத்தின் வரலாற்றை இங்குக் கூற விழைகின்றேன்.

சப்பானில் 1868-இல் மெய்சி ஆட்சி தொடங்கியபின், மேலை நாட்டினதெல்லாம் உயர்வு, தன்னாட்டுப் பழமையெல்லாம் தாழ்வு என்னும் மயக்கம் கற்றவரைப் பற்றியது. 1876-இல் மறவரின் வாள் தாங்கும் உரிமையும் பறிபோயிற்று. வெறுங்கையால் பொரும் யூயுத்சு என்னும் பழங்கலையைக் கற்பார் அருகினர். அதன் ஆசான்களிற் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுக்கட்டிப் பிழைத்தனர்.

அந்நாளில், வலியவரிடம் அடிபட்டு நொந்த மெலிந்த மாணவர் ஒருவர் அக்கலையைத் தேடிப் புறப்பட்டார். அவரே 1860-இல் பிறந்த சிகோரோ கானோ. ஆசான் ஒருவர் மறைந்தால் மற்றொருவரை நாடிக் கற்றார். 1882-இல், தம் 21-ஆம் அகவையில், தோக்கியோவில் ஏசோசி என்னும் புத்தர் கோயிலில் கோடோகான் பயிற்றகத்தை நிறுவினார். இடம் 12 பாய் அளவே. மாணவரோ 9 பேரே!

இளைஞர்களே, அது வளர்ந்தது எவ்வாறு? பழமையைக் கானோ தூக்கி எறிந்தாரில்லை, கண்மூடிப் போற்றினாருமில்லை. உயிர்க்கும் உறுப்புக்கும் கேடு செய்யும் பிடிகளைத் தடையின்றிப் பொரும் பயிற்சியினின்று விலக்கினார். எதிரியின் நிலையைக் குலைத்தபின் வீழ்த்துவதே முறையென அறிவுவழி விளக்கினார். விழும் முறையையும் கற்பித்தார். தேர்ச்சிக்குப் படிநிலை வகுத்தார். ஆற்றலை நன்முறையிற் பயன்கொள்க, தானும் பிறரும் சேர்ந்தே வாழ்க என்பன அவர்தம் கொள்கைகள். அக்கலைக்கு யூடோ, அதாவது மென்மையின் நெறி, என்று பெயரிட்டார்.

குறையும் இருந்தது; மறைக்க வேண்டுவதில்லை. பெண்களுக்கு 1926-இல் தனிப்பிரிவு அமைந்தபோதும், 1972 வரை அவர்கள் ஐந்தாம் படியைக் கடக்க இயலவில்லை. கானோவின் முதல் ஆசான்களுள் ஒருவரான புக்குடாவின் பெயர்த்தி கெய்க்கோ புக்குடா, அத்தடையைத் தாண்டி, 2011-இல் தம் 98-ஆம் அகவையில் அமெரிக்க யூடோ அமைப்பொன்றால் பத்தாம் படிக்கு உயர்த்தப்பெற்றார். தன் குறையைத் திருத்திக்கொள்ளும் கலையே நிலைக்கும்!

கானோ 1938-இல் கடற்செலவின்போது மறைந்தார். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் யூடோ இடம்பெற்றது. எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதியில் ஆலந்து நாட்டு அன்டன் கீசிங்கு, சப்பானிய வீரர் காமினாகாவை வென்றார். மகிழ்ச்சியில் மேடைநோக்கிப் பாய்ந்த தம் நாட்டவரைக் கையுயர்த்தித் தடுத்து, தோற்றவரை வணங்கினார். அன்று சப்பான் தோற்றதா? இல்லை! அதன் ஆசானின் பண்பு அயலவர் நெஞ்சிலும் வேரூன்றியிருந்தது என்பதன்றோ பொருள்?

இன்று எந்நாட்டில் யூடோ நடப்பினும் நடுவர், தொடங்குக என்பதற்கு ‘அசிமே’ என்றும், நிறுத்துக என்பதற்கு ‘மாத்தே’ என்றும் சப்பானிய மொழியிலேயே கூறுகின்றார். கலை சென்ற இடமெல்லாம் மொழியும் உடன் சென்றது. 12 பாயில் தொடங்கிய கோடோகானின் பெருங்கூடம் இன்று 420 பாய் பரப்புடையது.

தன்னுடையதைத் தானே இகழ்பவன் எதையும் வளர்ப்பதில்லை. எனவே இடத்திற்குக் காத்திராதீர். இருக்கும் பாயை இன்றே விரியுங்கள்!