பயிற்றுவிப்போரும் அமானிதமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நம் இளைஞர் அணியினர் மதரஸா மைதானத்தில் சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. பயிற்சியாளரும் நடுவர்களும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று தரவேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, "ஐவேளைத் தொழுகையாளியைச் சந்தேகிப்பதா?" என்று சிலர் மனம் வருந்தினர். அவ்வருத்தம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் இதில் மார்க்கம் என்ன கூறுகிறது, சட்டம் என்ன கூறுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ளல் அவசியம்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் சமூகத்தில் ஒருவர் மற்றொருவருக்காக நற்சாட்சி கூறினார். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவருடன் பிரயாணம் செய்தீரா, கொடுக்கல் வாங்கல் செய்தீரா என்று கலீஃபா அவர்கள் வினவினார்கள். மூன்றிற்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் பள்ளியில் அவர் தொழுவதைப் பார்த்திருப்பீர், அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறி அச்சாட்சியை ஏற்க மறுத்துவிட்டார்கள். தொழுகையைக் குறைத்து மதிப்பிட்டல்ல அவர்கள் அவ்வாறு கூறியது. மனிதரை அறியும் வழி வேறு என்பதற்காகவே.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் துருவி ஆராய்ந்து நூல்கள் எழுதினார்கள். அவர்களுள் எத்தனையோ பேர் இரவெல்லாம் நின்று வணங்கியவர்கள். அவர்களை விசாரிப்பது புறம் பேசுதல் ஆகாது என்றே ஹதீஸ் கலை வல்லுநர்கள் கருதினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு சொல்லைக் காக்க இத்தனை விசாரணை தகுமெனில், பெற்றோர் நம்மை நம்பி அனுப்பும் பிள்ளையைக் காக்கத் தகாதா?

இனிச் சட்டத்திற்கு வருவோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் 2020இல் விதிகள் வெளியாயின. பள்ளிக்கூடம், விளையாட்டுப் பயிற்சியகம் முதலாகப் பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் அனைவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறை வாயிலாகச் சரிபார்க்க வேண்டும் என்பது அவற்றின் 3ஆம் விதி. நம் மக்தபும் இதில் அடங்கும். நம் பயிற்சியாளர் ஊதியம் பெறாதவர், ஆகவே ஊழியர் அல்லர் என்று வாதிடலாம்தான். அந்த இடுக்கைத் தேடி நாம் ஏன் நுழைய வேண்டும்?

எனினும் சான்று ஒன்றே போதும் என்று உறங்கிவிடலாகாது. காவல் நிலையத்தில் பதிவானது மட்டுமே அதில் தெரியும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவர் லாரி நாசர் 2018இல் தண்டிக்கப்பட்டபோது 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்கள் துயரை எடுத்துரைத்தனர். ஆண்டுக்கணக்கில் முறையீடுகள் எழுந்தும் வழக்குத் தொடுக்கப்படாதிருந்ததால், அதுவரை அவர் சான்று தூய்மையாகவே இருந்திருக்கும். ஆதலால் பயிற்சியாளர் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கலாகாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோர் இருவரேனும் உடன் செல்ல வேண்டும். கைப்பேசிச் செய்தி பெற்றோருக்கே அனுப்பப்பட வேண்டும்.

மற்றொன்றையும் வெளிப்படையாகவே கூறுகிறோம். ஊர்களில் இத்தகைய புகார் எழுந்தால், குடும்ப மானம் கருதி ஜமாஅத்திலேயே பேசி முடிக்கும் பழக்கம் உண்டு. தலாக், சொத்துப் பிணக்கு போன்றவற்றில் சமரசம் நன்று. பிள்ளைக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையில் சமரசம் செய்ய நமக்கு உரிமையில்லை. அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிள்ளையின் பெயரை வெளியிடுவதும் குற்றமே. தேநீர்க் கடையில் பேசுவோர் இதனைக் கவனத்தில் கொள்க. உதவிக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

சான்றுகளைச் செயலாளர் மட்டுமே பார்த்துப் பூட்டி வைப்பார். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இளைஞர் அணியினர் உதவுவர். முதல் விண்ணப்பம் பேஷ் இமாமாகிய நம்முடையது. அடுத்து முஅத்தின் அவர்களும் மக்தப் உஸ்தாதுகளும், அதன் பின்னரே கால்பந்துப் பயிற்சியாளர். இவ்வரிசையை நிர்வாகமும் ஏற்றுக்கொண்டுள்ளது.