மின்சாரக் காரின் மின்கலமும் அதனை ஏற்றும் முறையும்



பாவித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்க எண்ணும் குடும்பங்களிடம் ஓர் அச்சம் பரவலாக உள்ளது. வாடகை வீட்டில் வாழ்வோர் பலருக்குச் சொந்த மின்னேற்றி இல்லை. அங்காடித் தரிப்பிடங்களிலும் ஔட்டோபான் ஓரங்களிலும் உள்ள விரைவு நிலையங்களையே அவர்கள் நம்பியிருக்கின்றனர். அது மின்கலத்தை விரைவில் தேய்த்துவிடுமோ என்பதே அந்த அச்சம். காரின் மிக விலையுயர்ந்த உறுப்பு மின்கலமே ஆதலால், இது வீண் கவலையன்று.

இக்கேள்விக்கு யேர்மனியிலேயே ஒரு விடை கிடைத்துள்ளது. வாகன ஓட்டுநர் கழகமான ஏடிஏசி, ஃபோல்க்ஸ்வாகன் ஐடி.3 கார் ஒன்றை நான்கு ஆண்டுகள் ஓட்டிச் சோதித்தது. 160,000 கி.மீ. கடந்த பின்பும் மின்கலக் கொள்ளளவில் 91 சதவீதம் எஞ்சியிருந்தது. அந்தக் காரை எவரும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கவில்லை. மின்னேற்றத்தில் 40 சதவீதத்துக்கு மேல் விரைவு நிலையங்களிலேயே நடைபெற்றது. முழுமையாக நிரப்பி நாட்கணக்கில் நிறுத்தியும் வைத்தனர். உற்பத்தியாளரின் உத்தரவாதமோ 8 ஆண்டுகள் அல்லது 160,000 கி.மீ. வரை 70 சதவீதம் மட்டுமே. ஒரு காரின் முடிவு எல்லாக் கார்களுக்கும் பொருந்தாதெனினும், அச்சத்தைத் தணிக்க அது போதுமானது. வாங்குமுன் மின்கல நிலைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது இன்னும் நன்று.

ஆயினும் தேய்மானம் உண்டு. நிறைந்த மின்கலம் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் அது விரைவாக முதுமையடைகிறது. கடுங்குளிரில் மிகு மின்னோட்டத்தைச் செலுத்தினால், லித்தியம் மின்வாய்க்குள் புகாமல் மேற்பரப்பில் உலோகமாய்ப் படியும். அதில் ஒரு பகுதி மீள்வதேயில்லை. இதனாலேயே சனவரிக் காலையில் விரைவு நிலையத்தில் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அது பழுதன்று, தற்காப்பு. ஓடி வந்த சூட்டோடு ஏற்றினால் இத்தாமதம் குறையும். அன்றாடப் பாவனைக்கு 80 சதவீதம் போதும். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் புறப்படும் நாளில் 100 வரை நிரப்புவதில் குறையில்லை. புறப்படும் நேரத்தை ஒட்டி நிறையுமாறு அமைத்துக்கொள்ளலாம். இரும்பு பொஸ்பேற்று வகை மின்கலங்களை இடைக்கிடை முழுமையாக நிரப்புமாறு உற்பத்தியாளர் பலர் கூறுவதால், கையேட்டைப் பார்த்தல் வேண்டும்.

மெதுவாக ஏற்றுவதே சிறந்ததென்று சுவரிலுள்ள சாதாரண சுக்கோ பிளக்கை நாடுவோரும் உளர். ஏடிஏசி அளவீட்டில் அம்முறையில் 10 முதல் 30 சதவீத மின்சாரம் வீணாயிற்று. வோல்பொக்ஸில் இழப்பு 5 முதல் 10 சதவீதமே. மணிக்கணக்கான சுமைக்கு அந்தப் பிளக் அமைக்கப்படவில்லை. அதனுடன் நீட்டிப்பு வயரையும் சேர்ப்பது தீயை அழைப்பதாகும்.

2020 டிசம்பர் 1 முதல், குடியியல் சட்டக் கோவையின் 554ஆம் பிரிவின்படி, மின்னேற்றி பொருத்த வாடகையாளர் உரிமையாளரிடம் அனுமதி கோரலாம். தக்க காரணமின்றி அதனை மறுக்க இயலாது. செலவு பொதுவாக வாடகையாளருடையதே. 11 கிலோவாட் வோல்பொக்ஸைப் பொருத்துமுன் உள்ளூர் மின்வலையமைப்பு நிறுவனத்துக்கு அறிவித்தல் கட்டாயம். இப்பணியைப் பெரும்பாலும் மின்பணியாளரே செய்து தருவார்.