அந்தப் பச்சைக் கிண்ணங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

ஓய்வு பெற்ற பிறகு மண்பாண்டம் கற்றுக்கொள்வதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். பேசுகிறேன். ஆனால் எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் பச்சைக் கிண்ணம் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? அதில் ஊறுகாய், தயிர், புளிக்காய்ச்சல் என்று எது வைத்திருந்தாலும் வீட்டுக்குப் போனவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி காரணம்.

நான் பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள். மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தபோது சக்கரம் எனக்குக் கை கொடுக்கவில்லை. இன்றும் என் கிண்ணங்கள் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கும். விட்டுவிடலாம் என்று இருந்த நேரத்தில் கிளேஸ் பாடம் ஆரம்பித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது முழுக்க முழுக்கச் சதவீதக் கணக்கு!

உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியின் வழவழப்பைத் தடவிப் பாருங்கள். அதுதான் கிளேஸ். மண்ணின்மேல் உருகி ஒட்டிக்கொண்ட மெல்லிய கண்ணாடி. கண்ணாடிக்கு மூலப்பொருள் சிலிகா, அதாவது குவார்ட்ஸ் பொடி. ஆனால் அது தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டில் கிண்ணமே நிற்காது. அதனால் சீக்கிரம் உருக வைக்க ஃபெல்ஸ்பாரும் சுண்ணாம்புக்கல் பொடியும், வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த சைனா கிளேயும் சேர்க்கிறார்கள். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் பெயரில் வழங்கும் ஒரு பிரபலமான கணக்கு உண்டு: ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் 20, சைனா கிளே 10. கூட்டினால் 100. எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் உண்டா?

நிறம் வேண்டுமென்றால் இதன்மேல் உலோக ஆக்ஸைடு. கோபால்ட் கறுப்புப் பொடி. அரை சதவீதம் போட்டால் போதும், வெந்து வரும்போது நீலம். இரும்பு கொஞ்சமாகப் போனால் தேன் நிறம், எட்டு பத்து சதவீதம் போனால் கறுப்பை ஒட்டிய பழுப்பு. செம்பு எங்கள் மின்சூளையில் பச்சை தரும்; அதே செம்பு, காற்றைக் குறைத்து எரிக்கும் கேஸ் சூளையில் சிவப்பாகிவிடும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர் எங்கள் ஆசிரியை. அந்தச் சிவப்பைப் பற்றி அவர் பேசினால் வகுப்பு முடிய அரை மணி தாமதமாகும்.

நான் செம்பை எடுத்துக்கொண்டேன். ஏழு சின்னச் சில்லுகள். பூஜ்யத்திலிருந்து ஆறு சதவீதம் வரை, ஒவ்வொன்றாக ஏற்றி. பின்பக்கம் இரும்பு ஆக்ஸைடால் எண் எழுதினேன். பேனா மை சூளையில் எரிந்துவிடும், இது நிற்கும். நோட்டில் தேதி, எடை, சூடு எல்லாம் பதிவு. சூளை ஆற ஒரு நாளாகும். அந்த ஒரு நாள் எனக்குத் தூக்கம் வராது. திறந்து பார்த்தால் ஆறாம் எண் சில்லு, பாசி படிந்த குளத்துப் படிக்கட்டு மாதிரி, பளபளப்பே இல்லாத ஒரு பச்சை. கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த வாரமே 27 கிண்ணங்களுக்கு அதைப் பூசினேன். நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் என் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்தேன். கழுவும்போது பார்த்தால், ஊறுகாய் தொட்ட இடம் வரைக்கும் வெளிறி ஒரு வளையம்.

ஆசிரியையிடம் ஓடினேன். ஒரு எலுமிச்சைத் துண்டை ஆறாம் சில்லின்மேல் ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னார். காலையில் வெள்ளையாக ஒரு வட்டம். அந்தச் செம்பு எங்கே போனது? எலுமிச்சைக்குள்!

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அதே கதைதான். குமட்டலும் வயிற்றுப் புரட்டலும் வரும்.

என் தப்பு நோட்டிலேயே இருந்தது. லீச் கணக்குக்கு ஏறக்குறைய 1,280 டிகிரி வேண்டும். எங்கள் சூளை 1,220. கிளேஸ் முழுதாக உருகவே இல்லை. நான் மயங்கிய அந்தப் பளபளப்பில்லாத அழகு, வேகாத கிளேஸ். போதாததற்கு ஆறு சதவீதம் செம்பு. தொகை சரியாக வந்துவிட்டது என்ற திருப்தியில் அடுத்த பத்தியை நான் பார்க்கவில்லை. கவுண்டரில் இருந்தபோது ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்தவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது தெரிந்த அன்றே உங்கள் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மூன்று வாரம் போக்கினேன். பாராட்டியவர்களிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்ற வெட்கம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வாரமும் சூளைப் பக்கம்தான் இருந்தேன். போரான் கலந்த ஃபிரிட் என்ற பொடி சேர்த்தால் 1,220லேயே நன்றாக உருகுகிறது. செம்பை இரண்டு சதவீதமாகக் குறைத்தேன். இப்போது எலுமிச்சைத் துண்டு வைத்தால் தடம் விழுவதில்லை. பளபளவென்று சாதாரணப் பச்சை. பழைய அழகு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சை வெறும் வீட்டுச் சோதனைதான். ஆய்வகத்தில் நாலு சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து, கரைந்த உலோகத்தை அளக்கிறார்கள். அதனால் புதுக் கிண்ணங்களில் உள்பக்கம் நிறமே இல்லாத கிளேஸ்தான். பச்சை வெளியே மட்டும்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். பொடி கலக்குவதெல்லாம் வகுப்பில், முகமூடி போட்டுக்கொண்டு. சிலிகா தூசி நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் மண் கழுவிய தண்ணீரையும் வாளியில் தெளியவிட்டுத்தான் ஊற்றுகிறேன். எங்கள் பிளாக் வடிகால் அடைத்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

யார் யாருக்குக் கொடுத்தேன் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது. என்னுடைய ஒன்று போக, 26. கூட்டம் முடிந்த அன்றே 11 வந்துவிட்டன. இன்னும் 15. சாவி, பூ, குங்குமம் வைக்க உங்களுக்கு அது வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடியில் "உணவுக்கு அல்ல" என்று எழுதித் தருகிறேன், ஒரு நிமிடம் கொண்டு வாருங்கள். வேண்டாதவர்களுக்கு மாற்றுக் கிண்ணம் தயார். என் வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் வந்தால் அதில் போட்டுவிட்டு, ஒரு சீட்டில் வீட்டு எண்ணை எழுதி வையுங்கள். பட்டியலில் டிக் அடிக்க வேண்டும்.