பம்பரத்தில் கட்டிய பனைமரம்



பட்டமளிப்பு விழாவில் பேசுகிறவர் அறிவுரை சொல்ல வேண்டும் என்பது மரபு. அது உங்களுக்கு வீட்டிலேயே போதுமான அளவு கிடைத்திருக்கும். நான் ஒரு சோதனையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாம் தின்ற சோற்றின் ஆற்றல், ஏடிபி என்ற மூலக்கூறாக மாறித்தான் தசைக்கும் மூளைக்கும் போகிறது. அந்த ஏடிபியைத் தயாரிக்கும் புரதத்துக்கு ஏடிபி சிந்தேஸ் என்று பெயர். அதன் தலைப்பகுதியின் அகலம் 10 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. எவ்வளவு உயர்ந்த வில்லை போட்டாலும் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அதன் உருவம் பிடிபடாது.

இந்தப் புரதத்தின் மூன்று வினை மையங்களும் முறைவைத்து வேலை செய்கின்றன, நடுவில் உள்ள அச்சு சுழன்று அவற்றை மாற்றிவிடுகிறது என்று சொன்னவர் அமெரிக்காவின் பால் பாயர். பலர் நம்பவில்லை. 1994-இல் கேம்பிரிட்ஜில் ஜான் வாக்கர் குழு, மாட்டு இதயத்திலிருந்து எடுத்த புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி அமைப்பைக் கண்டது. மூன்று மையங்களும் மூன்று வெவ்வேறு நிலையில் இருந்தன. ஒன்று காலி. நடுவில் காமா என்ற அச்சு. (இப்படி வரும் ஒவ்வொரு புரத மாதிரியும் சரிதானா என்று பார்க்க உலகமெங்கும் போடப்படும் வரைபடம், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டுப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு.)

பாயர் சொன்னதோடு வாக்கரின் படம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் படிகத்துக்குள் எதுவும் சுழலாது. எண்ணற்ற மூலக்கூறுகள் அசையாமல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் சராசரியைத்தான் எக்ஸ் கதிர் காட்டுகிறது. நின்றுபோன யந்திரத்தைக் காட்டி இது ஓடும் என்றால், கேட்பவர் தலையாட்டலாம், ஆட்டாமலும் இருக்கலாம்.

1997-இல் ஜப்பானில் நோஜி, யசுதா, யோஷிதா, கினோசிதா ஆகிய நால்வர் அதை ஓடவிட்டுப் பார்த்தார்கள். புரதத்தின் தலையைக் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டினார்கள். மேலே நீட்டிக்கொண்டிருந்த அச்சின் நுனியில், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆக்டின் என்ற புரத இழை ஒன்றை இணைத்தார்கள். இழையின் நீளம் சில மைக்ரோமீட்டர், அதாவது இந்தப் புரத மோட்டாரைப்போல நூறு மடங்குக்கும் மேல். பம்பரத்தின் தலையில் பனைமரத்தைக் கட்டியது போலத்தான். பிறகு, அது ஏடிபியை உடைத்துப் பின்னோக்கி ஓடட்டும் என்று ஏடிபியை ஊற்றினார்கள். பெரும்பாலான இழைகள் சும்மா கிடந்தன. சில மட்டும் சுற்றின, எப்போதும் ஒரே திசையில். அந்தக் காணொளிக்குப் பிறகு மறுத்தவர்கள் குரல் அடங்கிவிட்டது. அதே ஆண்டு பாயருக்கும் வாக்கருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சுழல்வதைக் கண்ணால் காட்டியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் இந்தச் சோதனையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த இழைதான். பார்ப்பதற்காக நாம் கட்டிய பொருள், பார்க்கப்படுவதன் மீது சுமையாக உட்கார்ந்துவிட்டது. தண்ணீரை அளைந்துகொண்டு நீண்ட இழை சுற்றியதால் மோட்டார் மெதுவாகத்தான் ஓடியது. அவர்கள் அதை மறைக்கவில்லை, கணக்கில் எடுத்தார்கள். இழையின் நீளம் தெரியும், தண்ணீரின் இழுவையைக் கணக்கிடலாம், வேகம் படத்தில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் மோட்டாரின் முறுக்கு விசை சுமார் 40 பிக்கோநியூட்டன் நானோமீட்டர் என்று வந்தது. ஒரு ஏடிபிக்கு 120 பாகை திரும்புகிறது என்று வைத்தால், செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய முழுவதும் சுழற்சியாகவே மாறுகிறது. அளவு தெரிந்த சுமை என்பதால் அதை வைத்தே மோட்டாரின் பலத்தை எடைபோட முடிந்தது.

அதன் உண்மை வேகம் என்ன என்ற கேள்வி அப்போதும் பாக்கி. 2001-இல் இழையைக் கழற்றிவிட்டு 40 நானோமீட்டர் தங்க மணியை வைத்து, நொடிக்கு 8000 படம் வீதம் எடுத்தார்கள். மோட்டார் நொடிக்குச் சுமார் 130 சுற்று ஓடியது. ஒரே தாவல் என்று நினைத்த 120 பாகை, நடுவில் ஒரு கணம் நின்று போகும் இரண்டு தாவல்களாகப் பிரிந்தது. நீண்ட இழை அந்த நிறுத்தத்தை விழுங்கியிருந்தது.

உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு படிகம்கூட வேண்டியதில்லை. தண்ணீரைப் பனிக்கட்டியாக விடாமல் கண்ணாடி போல உறையவைத்து, பல்லாயிரம் மூலக்கூறுகளைப் படமெடுத்து, ஒரே நிலையில் உள்ளவற்றைத் தனித்தனியாகக் கணினி பிரித்துவிடுகிறது. அச்சின் வெவ்வேறு நிலைகள் அப்படித்தான் கிடைத்தன. ஆனாலும் அவை உறைந்த நிலைகள்தான். எது முன், எது பின் என்று வரிசைப்படுத்துவது நாம்.

2011-இல் நோஜியும் கனசாவாவில் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியை உருவாக்கிய தோஷியோ ஆண்டோவும் சேர்ந்து வெளியிட்ட சோதனையில் இழையும் இல்லை, தங்கமும் இல்லை. நடு அச்சையே நீக்கிவிட்டு, மீதியிருந்த வளையத்தை நுண்ணிய ஊசிமுனையால் மெல்லத் தட்டித் தட்டிப் படமெடுத்தார்கள். அச்சு இல்லாமலேயே மூன்று மையங்களும் முறைவைத்து மாறின. அச்சுதான் வரிசையைக் கட்டுப்படுத்துகிறது என்ற அதுவரையிலான கருத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த ஊசிமுனை தட்டியதும் ஒரு சுமைதான். அது எவ்வளவு, எதை விழுங்கியது என்று கேட்பதற்கு உங்களில் சிலர் ஆய்வுக்கூடம் போவீர்கள் என்று நம்புகிறேன்.