வெயில் வாரத்திற்கு முன்கூட்டியே தயாராவோம்
(பொதுமக்களுக்கான சுகாதார உரை)



வானிலை அறிக்கை என்றதும் நம்மில் பலர் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு மழை வருமா?" துணி காயப் போடலாமா என்று பார்ப்பதோடு சரி. ஆனால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதிலும் பெர்லிஸ், கெடா, பினாங்கு, வட பேராக் வட்டாரங்களில் வசிக்கும் நீங்கள், வரும் வாரத்தின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வடக்கில் இந்த மாதங்களில் வெயில் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் மழையைப் பெய்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி வரும்போது உலர்ந்துவிடுகிறது. வானத்தில் மேகம் குறைகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 பாகை செல்சியஸ் பதிவானதும் இதே பருவத்தில்தான்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று நிலைகளாக வெளியிடுகிறது. ஒரு நாளின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை. 37ஐத் தாண்டி 40 பாகை வரை மூன்று நாள்கள் நீடித்தால் இரண்டாம் நிலை. 40 பாகையையும் தாண்டி மூன்று நாள்கள் நீடித்தால் மூன்றாம் நிலை.

"மூன்று நாள்கள்" என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் வெயிலை உடம்பு தாங்கிக்கொள்ளும். அன்றிரவும் வீடு புழுக்கமாக இருந்தால் தூக்கம் கெடும். இழந்த நீரும் உப்பும் முழுதாகத் திரும்பாது. அந்தக் களைப்போடுதான் மறுநாள் வேலைக்குப் போகிறோம். அதனால் "நேற்றும் இதே வெயில்தானே, ஒன்றும் ஆகவில்லையே" என்று எண்ணி அலட்சியமாக இருக்காதீர்கள்.

இன்னொன்று, அறிக்கையில் சொல்லப்படும் வெப்பநிலை நிழலில், காற்றோட்டமான இடத்தில் அளக்கப்படுவது. தார்ச் சாலையிலும், கட்டுமானத் தளத்திலும், தகரக் கூரையின் கீழும் நீங்கள் உணரும் வெப்பம் அதைவிட அதிகம். காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை காயாது. உடம்பு குளிர வழியில்லாமல் போகும்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வானிலை ஆய்வுத் துறையின் 'மைச்சுவாச்சா' செயலியிலோ அகப்பக்கத்திலோ உங்கள் ஊரின் ஏழு நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள். 35 பாகையும் அதற்கு மேலும் வரும் நாள்களை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பிறகு அந்த வாரத்தைத் திட்டமிடுங்கள்.

வெளிவேலை செய்பவர்கள்: புல் வெட்டுதல், செம்பனைக் குலை அறுத்தல், மூட்டை தூக்குதல் போன்ற கடினமான வேலையைக் காலையிலேயே முடிக்கப் பாருங்கள். காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில் அடிக்கடி ஓய்வெடுங்கள். தாகம் வரும்வரை காத்திராமல் 15, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துங்கள். வேலைக்குப் புதியவர்களின் உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாளிலேயே அவர்களிடம் முழு வேலையை எதிர்பார்க்காதீர்கள்.

நோயுள்ளவர்கள்: நம்மிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதிகம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை உண்பவர்களுக்கு உடலில் நீர் விரைவில் குறையலாம். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாமல், வெயில் வாரம் தொடங்குமுன் கிளினிக்கில் கேளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். தாகத்துக்கு இனிப்புப் பானம் வேண்டாம். சாதாரண நீரே போதும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள்.

முதியவர்கள், குழந்தைகள்: வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. தனியாக இருக்கும் பாட்டியையோ தாத்தாவையோ குறித்து வைத்த நாள்களில் காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளைக் காரில் விட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று கடைக்குள் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை கூடிவிடும்.

கோயில் விழாக்கள்: பங்குனி உத்திரமும் சித்ரா பௌர்ணமியும் இந்த வெயில் காலத்தையொட்டியே வருகின்றன. காவடி எடுப்பவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுவது நல்லது. விரதம் இருப்பவர்களும் நீர் அருந்துவதைக் குறைக்க வேண்டாம்.

இனி, அபாய அறிகுறிகள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். உடனே நிழலுக்குப் போய், உடையைத் தளர்த்தி, நீர் அருந்தி ஓய்வெடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

ஒருவர் குழறிப் பேசினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். வியர்வை வருகிறதே என்று தயங்க வேண்டாம். 999க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காமல், நிழலில் படுக்க வைத்து உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டி வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் நீரோ மாத்திரையோ புகட்டாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் ஊற்றும் நீர்தான் அவர் உயிரைக் காக்கும்.

வெயிலை நம்மால் தடுக்க முடியாது. ஆனால், அது எந்த நாளில் வருகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். இன்று வீட்டுக்குப் போனதும் வரும் ஏழு நாள்களைப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.