தவளைப் பெயரில் ஒரு மென்பொருள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் 'கெர்மிட்' என்ற மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'மப்பெட்' பொம்மைகளில் வரும் தவளையின் பெயர்தான் அது.

1981-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் இதை உருவாக்கினார்கள். அங்கே மாணவர்கள் டெக்-20 என்ற பெரிய கணினியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கிடைத்த வட்டு இடமோ கொஞ்சம். கோப்புகளை மைக்ரோ கணினிக்கு மாற்றி ஃபிளாப்பியில் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒரு கம்பெனி இயந்திரம் பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது டெர்மினல் மாட்டுகிற சீரியல் போர்ட் ஒன்றுதான்.

அந்தப் பாதை மனிதர் தட்டச்சு செய்வதற்காகப் போட்டது. கன்ட்ரோல்-சி வந்தால் ஓடுகிற புரோகிராம் நின்றுவிடும். கோப்புக்குள்ளேயே அந்த எழுத்து இருந்தால் என்ன ஆகும்? கெர்மிட் அதை ஒரு ஹேஷ் குறியாகவும் சாதாரண 'சி' எழுத்தாகவும் மாற்றி அனுப்பும். மறுமுனை பழையபடி ஆக்கிக்கொள்ளும்.

கோப்பு சிறு பொட்டலங்களாகப் போகும். அடிப்படை முறையில் ஒன்று 96 எழுத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றிலும் வரிசை எண், கடைசியில் சரிபார்க்கும் கூட்டுத்தொகை. சரியாக வந்தால் 'ஒய்' என்று பதில், கெட்டிருந்தால் 'என்'. பதிலே வரலைன்னா, சற்றுப் பொறுத்து அதே பொட்டலம் மறுபடியும் போகும். இரண்டு முறை வந்தாலும் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். வேகம் குறைவுதான், ஆனால் மோசமான கம்பியிலும் கோப்பு பிசகாமல் சேரும்.

விதிமுறையைப் பல்கலைக்கழகம் ஒளிக்காமல் வெளியிட்டது. அதனால் 1970-ல் வந்த பிடிபி-11, 1977-ல் வந்த வேக்ஸ் போன்ற மினி கணினிகளுக்கெல்லாம் கெர்மிட் எழுதப்பட்டது. அவற்றைத் தயாரித்த டிஜிட்டல் நிறுவனம் 1998-ல் காம்பாக் கைக்குப் போய்விட்டது. கொலம்பியாவும் 2011-ல் திட்டத்தை முடித்துக்கொண்டது; ஆனால் சி-கெர்மிட்டைத் திறந்த மூல உரிமத்தில் விட்டுவிட்டுத்தான் முடித்தது. இன்றைய லினக்ஸ் கணினியிலும் அது ஓடும்.

இதை ஏன் இங்கே சொல்றேன்? எங்கோ ஓர் ஆலையில், ஆய்வகத்தில் அப்படி ஒரு பழைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் வட்டில் உள்ள சோதனைக் கணக்குகளுக்கு வேறு நகல் இல்லாமலும் இருக்கலாம். வட்டு நின்றுபோன பிறகு கம்பி மாட்டிப் பயனில்லை. இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது, எழுத்துக் கோப்பா பைனரி கோப்பா என்பதை முதலில் குறிப்பிடுங்கள். மாறிப்போனால் வந்து சேர்ந்த கோப்பு உதவாது.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இயந்திரத்தை எழுப்பும் முறை, கடவுச்சொல், நாடா வைத்த அலமாரி எல்லாம் உங்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் போய் அவர்களைக் கேளுங்கள். கேட்டால் சொல்லாதவர்கள் நம் கல்லூரியில் கிடையாது.