சாவி யார் கையில்?

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, கட்டுரை வழங்க வந்திருக்கும் ஆய்வாளர்களே, சிறப்புக் கல்வி ஆசிரியர்களே, சமூகப்பணி மாணவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அவர்களோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் என்றுவிட்டேன். முன்வரிசையில் இருக்கும் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது தலை நரைத்திருக்கிறது. அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாய்தவறி வந்த சொல்தான். ஆனால் இன்று நாம் பேசப்போகும் பொருளில் பாதி இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரரைப் பிள்ளை என்றே அழைத்துப் பழகிய நாம், அவர் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், எந்தச் சட்டையைப் போட வேண்டும், யாரோடு பேசலாம் என்பதையும் அவருக்காக முடிவு செய்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். அன்பினால் செய்வதாலேயே அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி விளக்கம் தேவைப்படுகிறது. இந்தியச் சட்டத்தில் ‘கற்றல் குறைபாடு’ என்றால் டிஸ்லெக்சியா போன்றவை. எழுத்தையும் எண்ணையும் கையாள்வதில் வரும் இடர்ப்பாடுகள். பிரிட்டனில் அதே சொல் அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் எழுதிய ஆய்வேட்டை இங்கே படிக்கும் மாணவர்கள் இதில் தடுக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்றைய உரையில் நான் பேசுவது அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களைப் பற்றி. அவர்கள் தம் பெயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வேண்டிய உதவியைத் தனியே பெற்று வாழும் ஏற்பாட்டை அங்கே ‘சப்போர்ட்டட் லிவிங்’ என்கிறார்கள். ‘ஆதரவுடன் வாழ்தல்’ என்று வைத்துக்கொள்வோம். இதில் நெடுநாள் அனுபவம் உள்ள நாடு என்பதால் பிரிட்டனை, குறிப்பாக இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் சாதித்ததையும் படிக்கலாம், சறுக்கியதையும் படிக்கலாம். சறுக்கலில் பாடம் அதிகம்.

1967-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் அறிவுசார் குறைபாடுள்ளோர் தங்கியிருந்த ஈலி மருத்துவமனையில் வேலை பார்த்த ஓர் உதவிச் செவிலியர், அங்கே நடப்பதை ஒரு ஞாயிறு நாளிதழுக்குச் சொன்னார். உள்ளிருந்தவர்களை அடித்தார்கள், அவர்களுக்குரிய உணவும் உடையும் களவு போயின. ஜெஃப்ரி ஹவ் தலைமையில் விசாரணைக் குழு அமர்ந்தது. அறிக்கை 1969-இல் வெளியானது. இரண்டாண்டு கழித்து அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான மருத்துவமனை இடங்களை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைப்போம் என்றது. ஊருக்கு வெளியே உயர்ந்த மதில்களுக்குள் இருந்தவர்கள் மெல்ல மெல்லத் தெருவுக்குள் வரத் தொடங்கினார்கள்.

அதே 1971-இல் இன்னொரு நூலும் வந்தது. ஜாக் டிசார்டும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் குழந்தைகளுக்கான காப்பகங்களுக்குள் அமர்ந்து, அன்றாடம் நடப்பதைக் கணக்கெடுத்து எழுதிய ஆய்வு அது. அவர்கள் நான்கைப் பார்த்தார்கள். நேரக் கட்டுப்பாடு எல்லா நாளும் ஒரே மாதிரி இறுகியிருக்கிறதா? எல்லோரையும் மந்தையாக எழுப்பி, மந்தையாகக் குளிப்பாட்டுகிறார்களா? ஒருவருக்கென்று சொந்த உடை, சொந்தப் பொருள், சொந்த இடம் உண்டா? ஊழியரும் உறைவோரும் ஒரே மேசையில் உண்கிறார்களா? நான்கும் எளிய கேள்விகள். ஆனால் அவற்றிலிருந்து கிடைத்த முடிவு எளியதன்று. காப்பகம் பெரிதா சிறிதா என்பதைவிட, அங்கே வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது, பொறுப்பாளருக்கு எவ்வளவு சுதந்திரம், என்ன பயிற்சி என்பவையே வேறுபாட்டுக்குக் காரணம் என்று கண்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: மதிலை இடித்துவிடலாம், மதிலுக்குள் பழகிய பழக்கம் வண்டியேறிக் கூடவே வந்துவிடும்.

1980-இல் லண்டனின் கிங்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு வெளியிட்ட ஒரு சிறு நூலின் பெயரே ‘சாதாரண வாழ்க்கை’. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு, பக்கத்து வீட்டுக்காரர், கடை, பேருந்து. கேட்டதெல்லாம் அவ்வளவுதான். 1990-இல் தொடங்கிய கீரிங் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி போனது. ஒரே வட்டாரத்தில் நடந்துபோகும் தொலைவில் தனித்தனி வீடுகளில் வசிக்கும் சிலர். அவர்களுக்கு நடுவே குடியிருந்து உதவும் ஒரு தன்னார்வலர். பில் கட்டத் தெரிந்தவர் பில் கட்டத் தெரியாதவருக்கு உதவுவார். இவர் அவருக்குக் குழம்பு வைத்துக் கொடுப்பார். சாவிக்கொத்து என்று பொருள்படும் பெயரை அவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஆதரவுடன் வாழ்தலின் சட்ட அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் கூரையும் கவனிப்பும் ஒரே நிறுவனத்துடையவை. கவனிப்பு பிடிக்கவில்லை என்றால் கூரையையும் இழக்க வேண்டும். ஆதரவுடன் வாழ்தலில் வீட்டுக்காரர் வேறு, கவனிக்கும் நிறுவனம் வேறு. குடியிருப்பவர் வாடகைதாரர். ஊழியர்தான் அவர் வீட்டுக்கு வந்துபோகும் ஆள். பிடிக்காத நிறுவனத்தை மாற்றலாம். வீடு அப்படியே இருக்கும். தாளில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

தாளில் இருப்பது தரையில் எப்படி இருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் வடபகுதியில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று ஆண்கள் குடியிருந்தார்கள். மூவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் இருந்தது, எனக்குக் காட்டினார்கள். சுவரில் ஆய்வு அதிகாரிகள் தந்த நல்ல மதிப்பீட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டில் ஓர் அறை ‘ஆபீஸ்’. அதன் உள்சுவரில் பலகை, பலகையில் மூன்று ஆணி, ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு பெயர். வாசல் சாவிகள் மூன்றும் அங்கே தொங்கின. ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர்; சாவி ஆபீஸ் ஆணியில். ஒருவர் என்னிடம் டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தார். “நாலு மணிக்குத்தான்” என்று ஊழியர் கனிவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். குரலில் கடுமையே இல்லை. என்னை உறுத்தியதும் அந்தக் கனிவுதான்.

கென்ட் பல்கலைக்கழகத்தின் டிசார்ட் மையத்தில் பணியாற்றிய ஜிம் மான்செல் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். சிறு வீடுகளிலும் பலர் பகலின் பெரும்பகுதியைச் சும்மா உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று அவரும் அவருடைய தோழர்களும் மணிக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தார்கள். ஊழியர் சமைக்கிறார், துவைக்கிறார், பெருக்குகிறார். குடியிருப்பவர் ஓட்டலில் தங்கியவர்போல் காத்திருக்கிறார். இந்த முறைக்கு ‘ஓட்டல் மாதிரி’ என்றே பெயர் வைத்தார்கள். ஊழியர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் மட்டும் இது மாறுவதில்லை. அதற்கு மாற்றாக அவர்கள் வளர்த்தெடுத்த ‘செயலூக்க ஆதரவு’ முறை, வேலையைச் சிறு சிறு படியாகப் பிரித்து, அவரால் முடிந்த படியை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறது. ஒருவர் வெங்காயம் நறுக்க மாட்டார். ஆனால் நறுக்கியதைச் சட்டியில் போடுவார். அந்த ஒரு கை வெங்காயம் அவருடையது. சமையல் அரைமணி தாமதமாகும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் மேலாளர் இருந்தால்தான் ஊழியரும் பொறுத்துக்கொள்வார்.

ஆய்வு அதிகாரிகளை நம்பி மட்டும் இருக்க முடியாது என்பதற்கு 2011 சாட்சி. பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்பர்ன் வியூ என்ற 24 படுக்கைத் தனியார் மருத்துவமனை. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம். அவ்வாண்டு மே 31 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, மறைவில் எடுத்த படத்தை ஒளிபரப்பியது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களைத் தரையில் தள்ளி அழுத்தினார்கள். உடுத்திய உடையோடு குளிர்நீரில் நனைத்தார்கள். பதினொரு ஊழியர்கள் தண்டனை பெற்றார்கள். அவர்களில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். இதைவிட அதிர்ச்சி, பிறகு வந்த விசாரணை அறிக்கையில் இருந்தது. ஒளிபரப்புக்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளில் உள்ளாட்சிக்கு 40 பாதுகாப்பு முறையீடுகள் போயிருந்தன. காவல்துறைக்கு 29 முறை தகவல் போயிருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். நாற்பதையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஆள் இல்லை. அது மருத்துவமனைதானே, நம் பொருளுக்கு வெளியே அல்லவா என்று கேட்கலாம். ஊருக்குள் நல்ல ஆதரவு கிடைக்காமல் நிலைகுலைந்தவர்கள்தாம் இத்தகைய இடங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே தேவையின்றி இருப்பவர்களை 2014 ஜூனுக்குள் ஊருக்குள் அழைத்துவருவோம் என்று அரசு வாக்களித்தது. தவணை தவறியது. அடுத்து வைத்த 2019 தவணையும் தவறியது.

பாதுகாப்பு என்ற பெயரில் பூட்டும் பூட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் ஓர் அரிய கொள்கையைக் கொண்டது: ஒருவர் எடுத்த முடிவு பிறருக்கு அறிவற்றதாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது. தப்புச் செய்யும் உரிமையும் உரிமைதான். 2014 மார்ச்சில் செஷயர் வெஸ்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இடைவிடாத கண்காணிப்பில் இருந்துகொண்டு விருப்பப்படி வெளியேறவும் முடியாதவர், வசதியான வீட்டில் மகிழ்ச்சியாகவே இருந்தாலும் சுதந்திரம் இழந்தவரே என்று தீர்ப்பளித்தது. கூண்டு தங்கத்தாலானது என்பதற்காகக் கிளி பறந்துவிடுமா?

உடல்நலத்துக்கு வருகிறேன். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 13 ஆண்டுகள் முன்னதாகவும், பெண்கள் 20 ஆண்டுகள் முன்னதாகவும் இறக்கிறார்கள் என்று காட்டியது. வலியைச் சொல்லத் தெரியாதவர் தலையைச் சுவரில் மோதுகிறார். பல்வலி என்று யாரும் யோசிப்பதில்லை, ‘அவர் சுபாவம்’ என்று குறித்துவைத்து மனநோய்க்கான மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரைகளுக்குரிய நோய் இல்லாமலே 30,000 முதல் 35,000 பெரியவர்கள் அவற்றை விழுங்கிக்கொண்டிருந்ததாக 2015-இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அடுத்த ஆண்டே அவற்றைக் குறைக்கும் இயக்கம் தொடங்கியது. மாத்திரை விழுங்கியவர் அமைதியாகிவிடுவார். அமைதியான வீட்டைப் பார்த்து நல்ல வீடு என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வு அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு.

இத்தனையும் யார் தோளில்? மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுக்கத் திணறும் ஊழியரின் தோளில். இரண்டு ஆண்கள் வசித்த ஒரு வீட்டில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு மணி வரை படுத்திருந்து, அழைத்தால் எழ வேண்டிய ஓர் ஊழியருக்கு ஓரிரவுக்குக் கிடைத்தது 29 பவுண்டு சொச்சம். இந்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது, எழுந்து வேலை செய்த நேரத்துக்கே உண்டு என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அப்படிக் கூலி கொடுத்தால் ஆள் நிலைக்கமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு புதுமுகம் வந்தால், கண்சிமிட்டலால் ‘வேண்டாம்’ என்று சொல்பவரின் மொழியை யார் கற்பது?

அன்பர்களே, இது அயல்நாட்டுக் கதையாக முடிந்துவிடக் கூடாது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்துக்குள் வாழும் உரிமையை ஏற்கிறது. குறிப்பிட்ட ஒரு வகை ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருக்க அரசு முயல வேண்டும் என்கிறது. சட்டம் வந்துவிட்டது, வீடு வர வேண்டும். முன்வரிசைப் பெற்றோர் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் இருப்பது ஒரே கேள்வி: “எங்களுக்குப் பிறகு யார்?” அந்த அச்சத்தில் கண்ணில் பட்ட இல்லத்தில் சேர்த்துவிட்டு நிம்மதி தேடுவது இயல்பு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘யார்’ என்பதோடு ‘எப்படி’ என்பதையும் கேட்கும்படி அவர்களுக்குத் துணைநிற்பது ஆய்வாளர் கடமை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் மூன்று கோரிக்கைகள். முதலாவது, கட்டடத்தின் சதுர அடியையும் ஊழியர் விகிதத்தையும் மட்டும் அளந்து தரம் என்று எழுதாதீர்கள். ஒரு வீட்டில் ஒரு முழு நாள் அமர்ந்து, அங்கே வாழ்பவர் எத்தனை முறை ‘வேண்டாம்’ என்றார், அது எத்தனை முறை செல்லுபடியானது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, முறையீடுகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் வழி ஒன்றைப் பரிந்துரையுங்கள். மூன்றாவது, அடுத்த கருத்தரங்கில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களை முன்வரிசையிலிருந்து மேடைக்கு அழையுங்கள். அவர்கள் பேச்சு நமக்குப் புரிய நேரமாகும் என்றால், நிகழ்ச்சி நிரலில் அந்த நேரத்தை ஒதுக்குங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இனி எந்த இல்லத்தைப் பார்வையிடப் போனாலும் சான்றிதழ்களைப் பிறகு பாருங்கள். வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்தச் சொற்களோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.